கல்லாக மாறும் களிமண்: சாம்பலைக் கண்ணாடியாக்கிய குயவர் குடும்பம்

நான் இரண்டாம் படிவம் படித்தபோது பாட்டியின் ஊறுகாய் ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன். மேல்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெளிர்மஞ்சளுமாக, தூக்கினாலே கை வலிக்கும் கனமான ஜாடி அது. திட்டு வாங்கிக்கொண்டே சில்லுகளைப் பொறுக்கியபோது ஒன்றைக் கவனித்தேன். உடைந்த விளிம்பு சாம்பல் நிறத்தில், கருங்கல் துண்டு போல இறுக்கமாக இருந்தது. வாசலில் ஏற்கெனவே உடைந்து கிடந்த பூச்சட்டியின் விளிம்போ செங்கல் நிறத்தில், விரலால் தேய்த்தால் தூள் உதிரும்படி இருந்தது.

இன்னொரு வியப்பும் உண்டு. பல ஆண்டுகள் எலுமிச்சை ஊறுகாய் ஊறிய ஜாடி அது. ஆனாலும் சில்லின் உட்பகுதியில் எண்ணெய்க் கறை ஒரு துளிகூட இறங்கியிருக்கவில்லை. ஜாடியும் மண், பூச்சட்டியும் மண். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

மாணவர்களே, இந்தக் கேள்விக்கான விடையை அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு குயவர் குடும்பத்தின் கதை வழியாகப் பார்ப்போம். அவர்களிடம் ஆய்வகம் இல்லை. ஆனால், நம் பாடநூலில் வரும் உருகுநிலை, ஆக்சிஜனேற்றம், சுருக்கம் ஆகியவற்றை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டார்கள்.

மாஸி கிரீக்கில் ஒரு பட்டறை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் வடகிழக்கில், புளூ ரிட்ஜ் மலைகளின் அடிவாரத்தில் ஒயிட் மாவட்டம் உள்ளது. அங்குள்ள மாஸி கிரீக் என்னும் சிற்றூரில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே குயவர்கள் வாழ்ந்தார்கள். ஓடைக்கரையில் நல்ல களிமண் கிடைத்தது. சூளைக்குத் தேவையான பைன் மரம் சுற்றிலும் வளர்ந்திருந்தது. பாண்டங்களை வாங்க விவசாயக் குடும்பங்கள் இருந்தன.

1892ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் ஜான் மில்டன் மீடர்ஸ் என்பவர் தம் நிலத்தில் ஒரு மண்பாண்டப் பட்டறையை அமைத்தார். அவர் பிறவிக் குயவர் அல்லர், விவசாயி. தொழில் தெரிந்த அண்டை அயலாரிடமிருந்து அவருடைய ஆறு மகன்களும் வேலையைக் கற்றுக்கொண்டார்கள். வயலில் வேலை இல்லாத நாள்களில் சக்கரம் சுழன்றது.

அவர்கள் செய்தவை அழகுப் பொருள்கள் அல்ல. அக்காலத்தில் அந்த மலையூர்களில் மின்சாரம் இல்லை. குளிர்சாதனப் பெட்டியும் இல்லை. இறைச்சியை உப்பிலிட வேண்டும். காய்கறிகளைப் புளிக்கவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமிக்க வேண்டும். சோளவகைத் தட்டையிலிருந்து காய்ச்சிய பாகைச் சேர்த்துவைக்க வேண்டும். பால் உறையவைத்து வெண்ணெய் கடைய வேண்டும். இத்தனைக்கும் ஒழுகாத, புளிப்பால் அரிக்கப்படாத, உணவில் நஞ்சு கலக்காத, விலை குறைந்த கலம் தேவைப்பட்டது. அந்தக் கலம் இல்லையென்றால் குளிர்காலத்தில் உணவும் இல்லை.

சாதாரண மண்பானை ஏன் போதாது?

நம் நாட்டில் கோலகங்சாரின் லாபு சாயோங் புகழ்பெற்றது. அதில் ஊற்றிய தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். காரணம், குறைந்த வெப்பத்தில் சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.

குடிநீருக்கு நன்மை செய்யும் அதே நுண்துளைகள் ஊறுகாய்க்குப் பகையாகின்றன. உப்புநீர் கசியும். எண்ணெயும் பாலும் துளைகளுக்குள் தங்கிக் கெட்டுப்போகும். எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது.

துளைகளை அடைக்க ஒரு பழைய வழி இருந்தது: ஈயம் கலந்த பூச்சு. ஈயம் சேர்ந்தால் பூச்சு குறைந்த வெப்பத்திலேயே உருகிப் பளபளப்பாகிவிடும். ஆனால் புளிப்பான உணவை அதில் வைத்தால், அமிலம் ஈயத்தைக் கரைத்து உணவில் கலந்துவிடும். ஈயம் நரம்பு மண்டலத்தையும் மூளையையும் பாதிக்கும் நஞ்சு. குழந்தைகளுக்கு அது இன்னும் ஆபத்தானது.

நஞ்சு இல்லாத மாற்று வழி, மண்ணை இன்னும் அதிக வெப்பத்தில் சுடுவது. பூச்சட்டி போன்றவை ஏறத்தாழ 1,000 பாகை செல்சியசில் சுடப்படுகின்றன. தகுந்த களிமண்ணை 1,200 முதல் 1,300 பாகை வரை சுட்டால் அது கல் போல இறுகிவிடும். ஆங்கிலத்தில் இதனை ‘ஸ்டோன்வேர்’ என்பார்கள். நாம் ‘கற்பாண்டம்’ என்று வைத்துக்கொள்வோம். என் பாட்டியின் ஜாடியும் இந்த இனம்தான்.

சூளைக்குள் என்ன நடக்கிறது?

மாஸி கிரீக் சூளை நீளமானது, தாழ்வானது, பாதி தரைக்குள் புதைந்தது. செங்கல்லால் கட்டிய அதன் ஒரு முனையில் அடுப்பு, மறுமுனையில் புகைபோக்கி. தீ நாக்குகள் பாண்டங்களுக்கு இடையே புகுந்து மறுமுனைக்குச் செல்லும்.

முதல் கட்டத்தில் அவசரம் கூடாது. காய்ந்ததுபோல் தோன்றும் பாண்டத்திலும் ஈரம் ஒளிந்திருக்கும். நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்காகப் பெருகும். வெப்பத்தை விரைவாக ஏற்றினால் வெளியேற வழியில்லாத நீராவி பாண்டத்தை வெடிக்கச் செய்துவிடும். ஆகவே தொடக்கத்தில் சிறு தீதான்.

சுமார் 500 பாகையைத் தாண்டியதும் இரண்டாம் கட்டம். களிமண்ணின் முக்கியக் கனிமம் கயோலினைட். அதன் படிகத்துக்குள்ளேயே வேதியியல் முறையில் பிணைந்த நீர் உண்டு. அந்த நீர் இப்போது பிரிந்து வெளியேறுகிறது. இதற்குப் பிறகு இந்தப் பொருள் தண்ணீரில் ஊறவைத்தாலும் களிமண்ணாகக் குழையாது. வெயிலில் காய்ந்த மண் பொம்மை மழையில் கரையும். சுட்ட பொம்மை கரையாது. காரணம் இதுதான்.

573 பாகையில் இன்னொரு திருப்பம். மண்ணில் உள்ள குவார்ட்ஸ் மணல் தன் படிக அமைப்பை மாற்றிச் சற்றே விரிவடைகிறது. சூளை ஆறும்போது இதே வெப்பநிலையில் அது மீண்டும் சுருங்கும். ஆறுவதற்குள் அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் பாண்டத்தின் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் சுருங்காமல் விரிசல் விழும். தீயை ஏற்றுவதைப் போலவே ஆறவிடுவதற்கும் பொறுமை வேண்டும்.

1,000 பாகைக்கு மேல் மூன்றாம் கட்டம். மண்ணில் உள்ள பொட்டாசியம், சோடியம், இரும்பு ஆகியவற்றின் சேர்மங்கள் உதவ, மண்ணின் ஒரு பகுதி உருகத் தொடங்குகிறது. அந்தப் பிசுபிசுப்பான திரவம் நுண்துளைகளுக்குள் புகுந்து நிரப்புகிறது. அதே வேளையில் முல்லைட் என்ற ஊசி வடிவப் படிகங்கள் வளர்கின்றன. ஆறியபின் திரவம் கண்ணாடியாக உறைகிறது. காங்கிரீட்டுக்குள் கம்பி இருப்பதுபோல அந்தக் கண்ணாடிக்குள் முல்லைட் ஊசிகள் இருக்கும். நான் பார்த்த ஜாடிச் சில்லின் இறுக்கத்துக்கு இதுவே காரணம்.

உருகாத மூன்றும் சேர்ந்து உருகும்

இனி பளபளப்புக்கு வருவோம். மீடர்ஸ் குடும்பத்தினர் கடையில் சாயம் வாங்கவில்லை. மரச் சாம்பலைச் சலித்து, களிமண், மணல் அல்லது பொடித்த கண்ணாடி ஆகியவற்றுடன் சேர்த்து, தண்ணீர் விட்டுக் கல் திரிகையில் அரைத்தார்கள். அந்தக் குழம்பைச் சுடாத பாண்டத்தின் மீது பூசி, ஒரே முறையில் சுட்டு எடுத்தார்கள். சாம்பல் எப்படிக் கண்ணாடியாகும்?

இந்த எண்களைப் பாருங்கள். மணலில் உள்ள சிலிக்கா சுமார் 1,710 பாகையில் உருகும். களிமண்ணில் சிலிக்காவுடன் இருக்கும் அலுமினா சுமார் 2,070 பாகையில் உருகும். மரச் சாம்பலில் நிறைய உள்ள சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு, 2,500 பாகைக்கும் மேல்தான் உருகும். மாஸி கிரீக் சூளை 1,300 பாகையைத் தாண்டுவதே அரிது. ஆக, இந்த மூன்றில் எதையும் தனியாக வைத்தால் அந்தச் சூளையில் உருகாது.

ஆனால் சரியான விகிதத்தில் மூன்றையும் கலந்தால், கலவை ஏறத்தாழ 1,170 பாகையிலேயே உருகிவிடும்!

இது மந்திரம் அன்று. ஒரு படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன. வேறு வகை அணுக்கள் இடையில் புகுந்தால் அணிவகுப்புக் குலைகிறது. ஒழுங்கு குலைந்த அமைப்பைத் திரவமாக்கக் குறைந்த வெப்பமே போதும். பனிக்கட்டியில் உப்புத் தூவினால் அது சுழியம் பாகைக்கும் கீழே உருகுவதைப் பார்த்திருப்பீர்கள். சுழியத்துக்குக் கீழே 21 பாகை வரைகூட உப்பும் நீரும் சேர்ந்த கலவை திரவமாகவே இருக்கும். சூளையில் நடப்பதும் அதே கொள்கைதான்; வெப்பநிலைதான் வேறு. இப்படிப் பிறவற்றின் உருகுநிலையைத் தாழ்த்தும் பொருளை ‘இளக்கி’ என்கிறோம். சாம்பலில் உள்ள சுண்ணாம்பும் பொட்டாசியமும் இளக்கிகள்.

சாம்பல் பூச்சு உருகியதும் பாண்டத்தின் சுவரில் தேன் போல வழிந்து கோடு கோடாக இறங்கும். அதன் நிறத்தை முடிவு செய்வது மண்ணிலுள்ள சிறிதளவு இரும்பு. சூளையில் காற்று தாராளமாக இருந்தால், துருவில் இருப்பதைப் போன்ற இரும்பு ஆக்சைடு அப்படியே நின்று பூச்சு பழுப்பாகும். விறகை அதிகமாகத் திணித்தால் காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அது இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். அப்போது பூச்சு பச்சை சாயலைப் பெறும். ஒரே குழம்பு, விறகு போடும் கை மாறினால் நிறமும் மாறும்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது?

சாம்பல் பூச்சை மீடர்ஸ் குடும்பம் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் வடபகுதிக் குயவர்கள் பெரும்பாலும் சூடான சூளைக்குள் உப்பை வீசி, அதன் ஆவியால் பாண்டங்களுக்குப் பளபளப்பு ஏற்றினார்கள். தென்பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென் கரோலினா மாநிலத்தின் எட்ஜ்ஃபீல்டு வட்டாரத்தில் சாம்பலும் சுண்ணாம்பும் கொண்ட பூச்சு பரவியது. அங்கிருந்து இடம்பெயர்ந்த குயவர்கள் அதனை ஜார்ஜியா உள்ளிட்ட மாநிலங்களுக்குக் கொண்டுசென்றார்கள்.

சீனாவில் இத்தகைய பூச்சு மிகப் பழைமையானது. சீனாவின் ஜிங்டெஜென் நகரில் பீங்கான் செய்யும் முறையை, டான்ட்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1712இலும் 1722இலும் கடிதங்களில் விவரித்தார். அவை ஐரோப்பாவில் அச்சாயின. எட்ஜ்ஃபீல்டு குயவர்களுக்கு அந்தத் தகவல் நூல்கள் வழியே எட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

எட்ஜ்ஃபீல்டு பட்டறைகளைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. அங்கே வேலை செய்தவர்களில் பலர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். அவர்களுள் டேவிட் டிரேக் என்பவரின் பெயர் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளது. அடிமைகளுக்கு எழுத்தறிவு புகட்டுவதை 1834இல் தென் கரோலினா சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தக் காலத்திலும் அவர் தாம் செய்த ஜாடிகளில் பெயரையும் தேதியையும், சிலவற்றில் ஈரடிப் பாடல்களையும் பொறித்தார். 1859இல் அவர் பங்குகொண்டு செய்த மாபெரும் ஜாடிகள் ஏறத்தாழ 150 லிட்டர் கொள்ளளவு கொண்டவை. முகம் வடித்த ஜாடிகளும் அவ்வட்டார ஆப்பிரிக்க அமெரிக்கக் குயவர்கள் செய்தவைதாம். பின்னாளில் மீடர்ஸ் குடும்பத்துக்குப் புகழ் தேடித்தந்ததும் அதே முக ஜாடிகள்தாம். ஒரு குடும்பத்தின் கைத்தொழிலுக்குப் பின்னால் பலருடைய கைகள் இருக்கின்றன.

சுருங்கும் ஜாடி: ஒரு கணக்கு

அக்காலத்தில் ஜாடிகள் கேலன் கணக்கில் விற்கப்பட்டன. ஓர் அமெரிக்கக் கேலன் சுமார் 3.8 லிட்டர். 5 கேலன் ஜாடி என்றால் 19 லிட்டர் கொள்ள வேண்டும். ஆனால் ஈர மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். நீளவாக்கில் 10 விழுக்காடு சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 19 லிட்டருக்குப் பதில் 21 லிட்டர் அளவில் வனைந்தால் போதுமா?

போதாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 0.9 மடங்காகின்றன. 0.9 × 0.9 × 0.9 = 0.729. கொள்ளளவு 27 விழுக்காடு குறைந்துவிடுகிறது! எனவே 19 ÷ 0.729 = ஏறத்தாழ 26 லிட்டர் கொள்ளும்படி வனைய வேண்டும்.

குயவர்கள் தாளில் இந்தக் கணக்கைப் போடவில்லை. எந்த ஜாடிக்கு எவ்வளவு மண் உருண்டை, எவ்வளவு உயரம், எவ்வளவு வாய் அகலம் என்பது பழக்கத்தில் படிந்திருந்தது. சூளையின் வெப்பத்தையும் அப்படித்தான் அறிந்தார்கள். சூடேறும் பொருள் முதலில் மங்கிய சிவப்பாகவும், பிறகு ஆரஞ்சாகவும், மஞ்சளாகவும், இறுதியில் வெண்மஞ்சளாகவும் ஒளிரும். துளை வழியே அந்த நிறத்தைப் பார்த்து விறகைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். கண்ணே வெப்பமானி!

தேவை தீர்ந்தபோது

ஆனால் இவ்வளவு திறமையும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றப் போதவில்லை. 1858இல் ஜான் மேசன் என்பவர் திருகுமூடி போட்ட கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை பெற்றார். அது மெல்ல மெல்ல மலிவாகி ஊர்தோறும் பரவியது. தகரக் கலங்களும் வந்தன. 1908இல் ஜார்ஜியாவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்ததும் மதுக்குடுவைகளுக்கான சந்தை சுருங்கியது. 1930களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்க அரசு கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்ல, பின்னாலேயே குளிர்சாதனப் பெட்டி வந்தது. ஜாடி கெட்டுப்போகவில்லை, ஜாடி செய்துவந்த வேலையை வேறு பொருள்கள் எடுத்துக்கொண்டன. மாஸி கிரீக்கில் பெரும்பாலான சூளைகள் அணைந்தன.

1920இல் பட்டறையின் பொறுப்பை ஏற்றவர் இளைய மகன் சீவர் மீடர்ஸ். அவர் பழைய முறையை விடவில்லை. 1950களில் அவருடைய மனைவி ஆரியும் மண்ணில் கைவைத்தார். பறவைகளும் திராட்சைக் கொடிகளும் கொண்ட அவருடைய பாண்டங்கள், சேமிப்புக் கலத்தைத் தேடாத புதிய வாடிக்கையாளரையும் ஈர்த்தன.

1967இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தினர் மாஸி கிரீக்குக்கு வந்து, மண் பிசைவது முதல் சூளை திறப்பது வரை படம் பிடித்தார்கள். அதே ஆண்டு வாஷிங்டனில் நடந்த முதல் அமெரிக்க நாட்டுப்புற விழாவுக்காகச் சீவரின் மகன் லனியரிடம் முக ஜாடிகள் கேட்டார்கள். சீவர் அவ்வாண்டே காலமானார். அதுவரை வேறு வேலைகளும் பார்த்துவந்த லனியர் முழுநேரக் குயவரானார். 1983இல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. 1998இல் அவர் மறையும்வரை சாம்பல் பூச்சு அவர் கையில் உயிருடன் இருந்தது. இன்று அந்த வட்டாரத்துப் பாண்டங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. குடும்பத்தின் அடுத்த தலைமுறையினரும் உறவினரும் சக்கரத்தில் அமர்ந்தனர்.

எண்ணிப் பாருங்கள். 1967இல் யாரும் படம் எடுக்க வராமல் போயிருந்தால்? சீவரின் கண்ணும் கையும் அறிந்திருந்ததில் பெரும்பகுதி அவரோடு போயிருக்கும். சாம்பல் உருகுவதற்கான காரணத்தை நாம் பாடநூலில் படித்துக்கொள்ளலாம். எந்த ஓடைக்கரை மண், எத்தனை பிடி சாம்பல், எந்த நிறத்தில் தீயை நிறுத்துவது என்பவை எந்தப் பாடநூலிலும் இல்லை.

செய்து பாருங்கள்

தேவையானவை: பூச்சற்ற பூச்சட்டித் துண்டு ஒன்று, பழைய கற்பாண்டக் குவளை அல்லது ஜாடியின் துண்டு ஒன்று, சமையலறை மின்னணுத் தராசு, ஒரு வாளித் தண்ணீர். துண்டுகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும். கையுறை அணிந்து, பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்யுங்கள்.

1. இரண்டு துண்டுகளையும் வெயிலில் நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள்.
2. 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள்.
3. மேற்பரப்பு ஈரத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் எடை போடுங்கள்.
4. கூடிய எடையைக் காய்ந்த எடையால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். அதுவே நீர் உறிஞ்சும் விழுக்காடு.

எடுத்துக்காட்டாக, 200 கிராம் துண்டு 224 கிராமாக மாறினால் 24 ÷ 200 × 100 = 12 விழுக்காடு. உங்கள் இரு துண்டுகளின் விடைகளையும் ஒப்பிடுங்கள். எது கற்பாண்டம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

இன்னொரு வேலையும் தருகிறேன். இதற்கு மதிப்பெண் கிடையாது. உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ கண்ணளவில் செய்யும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஊறுகாய்க்கு உப்புப் போடுவதாக இருக்கலாம். தயிர் உறையூற்றுவதாக இருக்கலாம். அவர்கள் போடும் ஒரு கைப்பிடியைத் தராசில் வைத்து எத்தனை கிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எப்போது நிறுத்துகிறார்கள், எதைப் பார்த்து நிறுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். என் பாட்டியின் ஜாடி உடைந்ததற்குக்கூட நான் இப்போது வருந்துவதில்லை. அதற்குள் அவர் எந்த அளவில் உப்புப் போட்டார் என்று கேட்காமல் விட்டதற்குத்தான் வருந்துகிறேன்.